டிமைஸ்: குத்தகைக்கும் சாவுக்கும் ஒரே சொல்

(ஜூலை 23 நினைவு நாளன்று காலை, தாமிரபரணிக்கு அஞ்சலி செலுத்தப் போவதற்கு முன், பாளையங்கோட்டையில் மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் கூடிய சிறு கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

'சட்டமும் சாதியும்' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் அடங்குகிற தலைப்பா அது? ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டிமைஸ். உங்களில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்கும். ஆங்கிலப் பத்திரிகையில் பெரிய மனிதர் யாராவது இறந்துபோனால் போடுவார்களே, அதே சொல். இன்னாரின் டிமைஸ், ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மாட்டிக்கொள்ளும் வரைக்கும்.

வக்கீலாகப் பதிவு செய்த புதிது. இங்கே ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். கோர்ட்டில் வாய் திறக்கிற வேலையெல்லாம் கிடையாது. கட்டு சுமப்பது, வாய்தா குறிப்பது, பத்திரங்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பது, அவ்வளவுதான். ஒருநாள் பழைய குத்தகைப் பத்திரம் ஒன்று வந்தது. ஆங்கிலத்தில் டைப் அடித்தது, ஓரமெல்லாம் பொடிந்துபோனது. அதில் வரிக்கு வரி டிமைஸ். நான் அகராதி பார்க்கவில்லை. தெரிந்த சொல்லுக்கு யார் அகராதி பார்ப்பார்கள்? 'மேற்படி மரணத்தின் பேரில்' என்று எழுதினேன். அடுத்த பத்தியில் 'மரணத்துக்குட்பட்ட நிலம்'. கடைசியில் 'மரண காலம் முடிந்த பிறகு நிலத்தைத் திரும்ப ஒப்படைக்க வேண்டியது'. எனக்கே கொஞ்சம் இடறத்தான் செய்தது. ஆனால் சட்ட மொழி என்றாலே இப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டேன்.

சீனியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "யாருடே செத்தது? வாங்குனவனா, விட்டவனா?" என்றார். குமாஸ்தா உள்பட எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பென்சிலால் மரணத்தையெல்லாம் அடித்துவிட்டுக் 'குத்தகை' என்று எழுதினார். அவ்வளவுதான் விஷயம். டிமைஸ் என்றால் சட்டத்தில் குத்தகை. குத்தகைக்கு விடுதல். சாவு என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொண்ட கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லத்தீனில் 'டிமிட்டெரே' என்றொரு வினை. அனுப்பிவிடு, விட்டுவிடு என்று பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாக, நார்மன்கள் ஆண்ட இங்கிலாந்தின் நீதிமன்றங்களுக்கு வந்தது. அங்கே நிலம்தான் எல்லாம். நிலத்தை ஒரு தவணைக்கோ ஓர் ஆயுளுக்கோ இன்னொருவர் கையில் விட்டுவைப்பதற்கு டிமைஸ் என்று பேர். நாம் குத்தகைக்கு 'விடுவது' என்கிறோம் இல்லையா, அதே 'விடுவது'தான்.

பிறகு ராஜா. ராஜா செத்துப்போனால் ஆங்கிலச் சட்டத்துக்கு ஒரு சிக்கல். ராஜா இல்லாத ஒரு நொடி வந்துவிட்டால் அந்த நொடியில் நிலம் யாருடையது, கோர்ட் யாருடையது? அதனால் ராஜா சாவதே இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். உடம்பு போகும், கிரீடம் அதே கணத்தில் அடுத்தவருக்குக் கைமாறும். கைமாறுவதுதான் முக்கியம் என்பதால் அந்த நிகழ்ச்சிக்குக் கிரீடத்தின் டிமைஸ் என்று பெயர் வைத்தார்கள். 1765இல் வெளிவரத் தொடங்கிய பிளாக்ஸ்டோனின் சட்ட விளக்க நூலில் இந்த வியாக்கியானம் இருக்கிறது. கிரீடம் கைமாறுவது ராஜா செத்தால்தானே? அப்படியே 18ஆம் நூற்றாண்டில் டிமைஸ் என்றால் சாவு என்றாகி, முதலில் ராஜாவின் சாவு, பிறகு கனவான்களின் சாவு, இப்போது யாருடைய சாவும். சொத்து கைமாறுகிற இடத்தில் நின்றுகொண்டு பார்த்தவர்கள்தான் மரணத்துக்கு அந்தப் பேரை வைத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 'டிமிட்டெரே'க்கு இன்னொரு பிள்ளை உண்டு. டிஸ்மிஸ். வேலையை விட்டு அனுப்புவது. டிமைஸும் டிஸ்மிஸ்ஸும் உடன்பிறப்புகள். நிலத்தை விடுவதற்கு ஒன்று, ஆளை விரட்டுவதற்கு மற்றொன்று.

ஆங்கிலக் குத்தகைச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு பலம் உண்டு. பத்திரத்தில் டிமைஸ் என்ற சொல் இருந்தாலே போதும், தனியாக எழுதாவிட்டாலும் ஒரு வாக்குறுதி அதற்குள் அடங்கியிருப்பதாக நீதிமன்றங்கள் கொண்டன: குத்தகைதாரர் அந்த நிலத்தை யாருடைய தொந்தரவும் இல்லாமல் அனுபவிக்கலாம் என்பது. நம்முடைய 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவிலும் இதே உறுதி இருக்கிறது. வாடகையைக் கட்டி, நிபந்தனைகளை நிறைவேற்றிக்கொண்டிருக்கும் வரை இடையூறில்லாத அனுபோகம். நம்மூர்ப் பத்திர எழுத்தர் 'ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று எழுதுவார். ஆண்டு, அனுபவித்து. இரண்டு சொல்லும் நம் ஆட்களுக்காக எழுதப்பட்டவை அல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

நிலம் மட்டும்தான் குத்தகைக்குப் போனதா? மேற்கு மலைக்கு அந்தப் பக்கம், மலபாரில், ஆட்களையும் விட்டார்கள். 1800-01இல் மைசூர், கனரா, மலபார் வழியாகப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் இதை எழுதிவைத்திருக்கிறார். அடிமைகளை ஜென்மமாக விற்கலாம், காணத்துக்கு அடமானம் வைக்கலாம், பாட்டத்துக்கு வாடகை விடலாம். நிலத்துக்கு என்னென்ன சொற்கள் உண்டோ அத்தனையும் ஆளுக்கும். அடிமை உரிமையைக் கோர்ட் அங்கீகரிக்காது என்று கம்பெனி அரசு சட்டம் போட்டது 1843இல். தாமிரபரணிக் கரையில் நெல் விளைவித்தவர்கள் பண்ணையாட்கள் என்ற பெயரில் அதற்குப் பிறகும் எத்தனை தலைமுறை கட்டுண்டு கிடந்தார்கள் என்பதை உங்கள் தாத்தாக்களிடம் கேளுங்கள். சிலர் இன்னும் இருப்பார்கள்.

இனி மலைக்கு வருவோம். மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்டி பஸ் ஏறத் தொடங்கினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. இந்த மலை சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது. 1919 அக்டோபரில் சென்னையில் டி லா ஹே என்ற வெள்ளைக்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜமீன் வாரிசுகள் தங்கிப் படித்த நியூயிங்டன் விடுதிக்கு அவர்தான் பொறுப்பாளர். சிங்கம்பட்டி வாரிசும் அந்த வழக்கில் சிக்கினார். விசாரணை பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. அந்த வழக்குச் செலவுதான் ஜமீனைக் கடனில் தள்ளியது, கடன்தான் மலையைக் குத்தகைக்கு விடவைத்தது என்று இந்தப் பக்கத்தில் சொல்லாதவர்கள் இல்லை. எப்படியோ, 1929 பிப்ரவரியில் 8,373 ஏக்கர் சொச்சம், 99 வருடத்துக்கு, பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் கைக்குப் போனது. ஒரு கொலை வழக்கும் ஒரு குத்தகையும். என் மொழிபெயர்ப்பு அவ்வளவு தப்பில்லையோ என்று பின்னால் நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கம்பெனியும் லேசுப்பட்டதில்லை. 1863இல் தொடங்கியது. பர்மாவில் தேக்கு வெட்டிய தகராறில் அந்நாட்டு அரசு அபராதம் போட, அதையே சாக்காக வைத்து 1885இல் பிரிட்டிஷ் படை மாண்டலேக்குள் நுழைந்தது. திபா மன்னரைப் பிடித்து இரத்தினகிரிக்கு நாடு கடத்தினார்கள். 1886 ஜனவரி 1 அன்று பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்க்கப்பட்டது. அங்கே கிரீடம் அடுத்தவருக்குக் கைமாறவில்லை, காணாமலே போய்விட்டது. பத்திரத்தில் வெறும் 'குத்தகைதாரர்' என்று எழுதியிருந்தாலும் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் ஏலமும் போட்டவர்கள் யார்? கங்காணிகள் கூட்டிக்கொண்டு போன நம் ஜனம். பெரும்பாலும் இந்தச் சமவெளியின் சேரிகளிலிருந்தும் குடிகளிலிருந்தும் போன தலித்துகள். கேரளத்திலிருந்தும் வந்தார்கள். பண்ணையார் தொல்லையிலிருந்து தப்பிக்க மலையேறியவர்கள் உண்டு. அங்கே அட்டைக்கடி இருந்தது, குளிர் இருந்தது. கீழே இருந்த சாதிதான் மேலே அதே உருவத்தில் இல்லை. அந்த ஓர் ஆறுதலுக்காகவே நாலு தலைமுறை இருந்துவிட்டார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால் அவர்களுக்குக் கிடைத்த வீடு டிமைஸ் கிடையாது. அதுதான் நான் சொல்ல வந்த விஷயத்தின் நடு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு கொடுப்பது முதலாளியின் கடமையாக இருந்தது. கடமை வேலை இருக்கிற வரைக்கும்தான். வேலை போனால் வீடும் போகும். என் அத்தை ஒருத்தி வேறொரு மலையில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தாள். ஓய்வு பெற்று இறங்கும்போது அவளிடம் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஆட்டுரல், அலுவலகத்தில் கொடுத்த காகிதங்கள். "நான் நட்ட பலாமரம் காய்க்குதுடே, அது யாருக்கு?" என்று என்னிடம் கேட்டாள். வக்கீல் மருமகன் என்று கேட்டாள். நான் என்ன பதில் சொல்ல? சட்டத்தின் கண்ணில் அவள் அந்த வீட்டில் குத்தகைக்காரி இல்லை, வாடகைக்காரிகூட இல்லை. வேலைக்குத் தேவைப்பட்ட கருவிகளை ஒரு கொட்டகையில் வைப்பதுபோல அவளை வைத்திருந்தார்கள்.

1999க்கு வருகிறேன். கூலி உயர்வு கேட்டு மாஞ்சோலையில் போராட்டம். கைது, சிறை. சிறையிலிருந்த 652 தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும், கூலிக் கோரிக்கைக்காகவும் ஜூலை 23 அன்று புதிய தமிழகம் கட்சியும் தோழமைக் கட்சிகளும் சேர்ந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி. ஒரு பக்கம் தடி, மறு பக்கம் ஆறு. ஆற்றில் இறங்கியவர்களையும் விடவில்லை. 17 பேர். இரண்டு பெண்கள், ஒரு குழந்தை. அன்று ஆட்சியில் இருந்தது தி.மு.க. நீதிபதி மோகன் ஆணையம் அமைத்தார்கள். தண்ணீரில் மூழ்கித்தான் செத்தார்கள் என்பதே அன்றும் பின்னாலும் அரசுத் தரப்பின் பேச்சு. ஏன் தண்ணீருக்குள் போனார்கள் என்ற கேள்வி இன்றைக்கும் அந்தப் படித்துறையில்தான் கிடக்கிறது. ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படத்தைப் பார்க்காதவர்கள் பாருங்கள். மாரி செல்வராஜின் 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' தொகுப்பின் தலைப்பை மட்டுமாவது ஒருமுறை நிறுத்திப் படியுங்கள்.

தமிழில் சாவுக்கு எத்தனை சொல் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆதீனம் பரிபூரணம் அடைவார். ஐயர் சிவலோகப் பிராப்தி. தலைவர் இயற்கை எய்துவார். வாத்தியார் காலமாவார். பண்ணையாள் செத்தான். கூட்டமாகச் செத்தால் பத்திரிகை 'பலி' என்று போடும். பலி என்றால் யாருக்கோ கொடுப்பது. யாருக்குக் கொடுத்தார்கள்? இந்தச் சொல்லை நாமும் கூச்சமில்லாமல் போஸ்டரில் போடுகிறோம். இந்த வருடப் போஸ்டரிலும் பார்த்தேன். கொன்றார்கள் என்று எழுத நமக்கு என்ன தயக்கம்?

இப்போது அந்தக் குத்தகையின் ஆயுளைப் பாருங்கள். 1947இல் வெள்ளைக்காரன் போனான், குத்தகை இருந்தது. 1948இல் சென்னை மாகாணம் ஜமீன் ஒழிப்புச் சட்டம் போட்டது. ஜமீன் நிலம் எல்லா வில்லங்கங்களிலிருந்தும் நீங்கி அரசிடம் வந்து சேரும் என்று அதன் மூன்றாவது பிரிவு சொல்கிறது. 1952இல் சிங்கம்பட்டி ஜமீன் அரசு வசமானது. ஆனால் முன்பே கொடுக்கப்பட்ட குத்தகைகளைக் காப்பாற்றவும் அதே சட்டத்தில் இடமிருந்தது. ஜமீன் போனது, குத்தகை இருந்தது. ராஜா சாவதில்லை என்று பிளாக்ஸ்டோன் சொன்னது இங்கே வேறு மாதிரியாகவும் உண்மையானது. ஜமீன் ஒழிந்து அறுபது வருடத்துக்கு மேலாகியும் ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் சிங்கம்பட்டி ராஜா ராஜ உடையில் தரிசனம் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசி ராஜா 2020இல்தான் இறந்தார். அதே கோயில் வளாகத்தில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். சக்கிலியப் பெண்களை மணந்த பார்ப்பான் கதை அது. தனியாக ஒருநாள் பேச வேண்டிய கதை.

இதற்குப் பக்கத்தில் பஞ்சமி நிலத்தை வையுங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணை. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பத்து வருடத்துக்கு விற்கக்கூடாது, அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த நிபந்தனைக்கும் அரசு முத்திரை உண்டு. அது எத்தனை இடத்தில் நின்றது? ஜமீன்தார் கையெழுத்துப் போட்ட தாளை ஆறேழு ஆட்சி மாறியும் சட்டம் பத்திரமாகச் சுமந்து வந்தது. அரசே கையெழுத்துப் போட்ட தாள் கிராம அதிகாரி வீட்டு மேசையிலேயே காணாமல் போனது. நான் சட்டத்தை வெறுப்பவன் இல்லை, அதில்தான் என் சோறு. ஆனால் எந்தத் தாளுக்கு எவ்வளவு ஆயுள் என்பதைத் தாளில் இருக்கிற எழுத்து முடிவு செய்வதாக இன்னும் நம்புகிறவர்கள் சட்டக் கல்லூரியின் முதலாண்டில் மட்டுமே இருக்க முடியும்.

2028 பிப்ரவரியில் 99 வருடம் முடிகிறது. அதற்குள் காடு புலிகள் காப்பகமாகி, 2018இல் அந்த நிலத்தைக் காப்புக்காடாகவும் அறிவித்துவிட்டார்கள். 2024இல் கம்பெனி தோட்டத்தை மூடிக்கொண்டு விருப்ப ஓய்வு அறிவித்தது. ஐநூறுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள். விருப்பம் என்ற சொல்லை அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். டான்டீ எடுத்து நடத்தட்டும் என்று கேட்டார்கள். டான்டீயே இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க வந்த அமைப்புதானே, அதனால் கேட்டதில் நியாயம் இருந்தது. 2024 டிசம்பரில் மதுரைக் கிளை அதை ஏற்கவில்லை. மறுவாழ்வு உதவிகளைச் செய்து கொடுக்கும்படி அரசுக்குச் சொன்னது.

வன உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமை கேட்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. அந்தச் சட்டத்தில் பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அந்தக் காட்டில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கழித்துப் பாருங்கள். 1930 டிசம்பர். குத்தகை 1929 பிப்ரவரி. நூலிழையில் வருகிறது. ஆனால் காட்டை நம்பி வாழ்ந்தார்களா, கூலியை நம்பி வாழ்ந்தார்களா என்று அடுத்த கேள்வி காத்திருக்கும்.

காடு காடாகத் திரும்பட்டும், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. இந்த ஆறு அந்த மலையில்தான் பிறக்கிறது. அது வற்றினால் முதலில் காய்வது கடைமடையில் இருக்கிற நம் ஆட்களின் வயல்தான். சூழலியல் நண்பர்கள் சிலர் தொழிலாளர்களை ஆக்கிரமிப்பாளர்கள் மாதிரிப் பேசும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. காட்டை வெட்டச் சொன்னவர் பெயர் பத்திரத்தில் இருக்கிறது. வெட்டியவரின் பெயர் செக் ரோலில்தான் இருக்கும். அந்தச் செக் ரோல்களை, ரேஷன் அட்டைகளை, மலைப் பள்ளிக்கூடச் சான்றிதழ்களை, பிரசவப் பதிவுகளைத் திரட்டி வையுங்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொள்ளத்தான் நான் முக்கியமாக வந்தேன். வழக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் காகிதம் வேண்டும். இறங்கி வந்தவர்கள் கல்லிடைக்குறிச்சியிலும் விக்கிரமசிங்கபுரத்திலும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். வீடு மாறும்போது முதலில் தொலைவது காகிதம்தான். வாரத்துக்கு இரண்டு பேர் போனால் போதும். போனில் படம் எடுத்துக்கொண்டு மூலத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். வாங்கிக்கொண்டு வராதீர்கள். வாங்கிக்கொண்டு போனவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

என் அத்தையின் பலாமரத்துக்கு இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தில், குத்தகைதாரர் நட்ட மரத்தையும் பயிரையும் பற்றி விதிகள் இருக்கின்றன. குத்தகைதாரருக்கு.

நேரமாகிவிட்டது, கீழே வண்டி நிற்கிறது. மாலைகளை இரண்டு பேர் எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் சாரல் விழுந்து தண்ணீர் கூடியிருக்கிறது என்றார்கள். படித்துறையில் பாசி வழுக்கும், சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்து இறக்குங்கள்.